முன்னால் ஒரு முதுகு

இந்தக் கோடை முழுவதும் வதனிக்கு ஏரி என்றால் ஏரி இல்லை, சுகிர்தாவின் முதுகுதான். வதனிக்கு முன்னால் கமலி, கமலிக்கு முன்னால் அந்த முதுகு. கமலி கொஞ்சம் அகலமான பிறவி என்பதால் முதுகு முழுதாகத் தெரியாது, வலத்தோளும் பிடரியும் இறுக்கிக் கட்டிய கொண்டையும்தான் தெரியும், ஆனால் மனம் கெட்டுக் கிடக்கிற நாளில் அரை முதுகே தாராளம். ஆறு பெண்கள் ஒடுக்கமான தோணிக்குள் ஒருவர் பின் ஒருவராக இருந்துகொண்டு, ஆளுக்கு ஆள் மாறி வலமும் இடமுமாகத் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, தொடக்கக் கயிற்றுக்குப் பின்னால் தோணியை அசையாமல் வைத்திருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். கொம்பு ஊத வேண்டும், ஊதினபாடில்லை. ஸ்காபரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் ஓடினால் இந்த ஏரி, ஒவ்வொரு ஓகஸ்ட்டிலும் இங்கே தோணி விழா, எங்கெங்கோ இருந்து வந்து குடியேறிய சனங்கள் அவரவர் தோணியில் அவரவர் கொடியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பக்கத்துத் தோணியில் பிலிப்பினோப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தோணி தனியே விட்டால் நிற்காது, இடப்பக்கம் இரண்டு வளைந்த தடிகளில் கட்டிய நீளக் கட்டை ஒன்று கூடவே மிதந்து வந்து அதைத் தாங்கும். அந்தக் கட்டைக்கு இவர்கள் வைத்த பெயர் மாமி. மாமி பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருந்தால் குடும்பம் மிதக்கும், மாமியை மறந்து வலப்பக்கம் சரிந்தால் அத்தனை பேரும் தண்ணீருக்குள் என்று வந்த முதல் நாளே சொல்லிச் சிரிக்கவைத்தவள் சுகிர்தா. அதற்கு முன் இரண்டு கோடை அதே கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வதனி, அவள் வாயில் அப்படி ஒரு பெயர் வரவில்லை. வந்திருக்கலாம். இன்னும் ஒரு கிழமை பொறுத்திருந்தால் வந்தும் இருக்கும், அதற்குள் இவள் வந்து சொல்லிவிட்டாள்.

காரில் நடந்ததை நினைக்கக் கூடாது என்று வதனி தொடக்கக் கயிற்றையே பார்த்தாள். கயிறு நனைந்து தொங்கியது, அதில் ஒரு பாசித் துண்டு ஒட்டியிருந்தது. நினைக்காதே என்றால் கேட்கிற சாமானா மனம். காலையில் சுகிர்தா பக்கத்தில் இருந்தாள், மடியில் எல்லாருக்குமாக அவித்த இடியப்பப் பெட்டி, சொதிப் போத்தல் காலடியில். வெயில் எறிக்குது, மழை வராது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். "நிருஜா வன்கூவருக்குப் போயிட்டாள் எண்டால் உனக்கு வீடு வெறிச்செண்டு போயிடும், என்ன?" முன்னால் சிவப்பு விளக்கு. அது சிவப்பாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று, இல்லாவிட்டால் வதனி காரை எங்கே கொண்டுபோய் ஏற்றியிருப்பாளோ தெரியாது. "ஓம்," என்றாள். "அதுதான்." அவ்வளவு வழுவழுப்பான பொய்யை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. நிருஜா அவளுடைய மகள், ஒரே மகள், இருபத்துநாலு வயது, ஒரே கூரைக்குக் கீழே ஒரே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிற பிள்ளை, அந்த வீட்டில் இன்றைக்கு வரை வன்கூவர் என்ற சொல் எழும்பியதே இல்லை. பிறகு வதனி ரேடியோவைப் போட்டாள். அதற்குப் பிறகு சுகிர்தா வழிநெடுக வாய் திறக்கவில்லை, பெட்டியை அணைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். எல்லாம் தெரிந்தவளுக்கு எதற்குக் கதை என்று வதனி நினைத்தாள், வென்றவர்கள் அப்படித்தான் வெளியே பார்த்துக்கொண்டு வருவார்கள். வன்கூவரில் என்ன, வேலையா, படிப்பா, ஒருவேளை பெடியனா. எப்போது. அங்கே எந்நேரமும் மழை என்பார்கள், பிள்ளையிடம் நல்லதாய் ஒரு குடைகூட இல்லை, குடையைப் பற்றியாவது அந்தச் சுகிர்தா அன்ரி யோசித்தாளா. எந்த இடத்தில் வைத்துப் பிள்ளை சொல்லியிருப்பாள், சுகிர்தாவின் குசினியில்தான், அந்த உயரக் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு, அன்ரி, ஒண்டு சொன்னால் ஒருதருக்கும் சொல்லக் கூடாது என்று. அந்த ஒருதருக்குள் தாயும் ஒருத்தி.

கமலி திரும்பி, தாகமாய்க் கிடக்கு என்றாள். வதனி தலையாட்டினாள். பின்னால் கடைசி இருக்கையில் சுக்கான் துடுப்போடு இருக்கும் ரெஜினா அக்கா, ஒருதரும் அசையாதையுங்கோ என்று சத்தம் போட்டாள். இந்தச் சுகிர்தாவைக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான், என்று வதனிக்குள் அந்தப் பழைய இசைத்தட்டு மறுபடி சுற்றத் தொடங்கியது, அதை அவளே எத்தனையோ தரம் கேட்டு அலுத்துவிட்டாள், ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை. புருசன் செத்து, தெரிந்த ஒரு சீவன் இல்லாமல் மேல்மாடி வீட்டில் திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடந்தவளை, வீட்டுக்குள்ளை கிடந்து அழாமல் வா என்று கையைப் பிடித்து இழுத்தவள் யார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தொகுதி திறக்க முன்னம் வெறும் கார் நிறுத்துமிடத்தில் கார் ஓட்டப் பழக்கியவள் யார். பிரேக்கை மிதி என்றால் அக்சிலரேற்றரை மிதித்துக் கடையின் தள்ளுவண்டிலொன்றை நசுக்கினாளே, அதற்கு மன்னிப்புக் கேட்டவள்கூட வதனிதான். தோணிக்கும் அவள்தான் கொண்டுவந்தாள். அவள் வந்து ஒரு மாதம், ஒரே ஒரு மாதம்தான், அதுவரை முன்னிருக்கையில் இருந்தவள் வதனி. பயிற்சி தருகிற மரிசெல் கரையில் நின்று பார்த்துவிட்டு, வதனி, நீ மூன்றாவதில் இரு, உன் குரல் நல்லாய்க் கேட்கிறது, நீ எண்ணிக் கூப்பிடு, சுகிர்தா முன்னுக்கு வரட்டும், அவளுடைய தாளம் விழுவதில்லை என்றாள். முன்னிருக்கைக்காரி எப்படிப் போடுகிறாளோ அப்படித்தான் மற்ற ஐந்து பேரும் போட வேண்டும். வதனியின் தாளம் விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை, குரல் நல்லது என்றுதான் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பிள்ளை நல்லாய்ச் சமைக்கும் போலை என்று சொல்லிவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரி. வதனி சிரித்துக்கொண்டுதான் பின்னால் போய் இருந்தாள். நல்லது செய்தவள் என்ற பெயரை வைத்துக்கொண்டு வாய் விட்டு எரியவும் முடியாது, அதுதான் இதில் உள்ள பெரிய கொடுமை. இடத்தை எடுத்தாள், பெயர் வைத்தாள், கடைசியில் பிள்ளை. அம்மாவின் சொதி நல்லது என்று நிருஜா சொல்வாள், அன்ரி வீட்டில் கேட்காமலே இரண்டாம் தரமும் ஊற்றிக்கொள்வாள். கண்ணால் கண்டது.

கொம்பு ஊதியது. உடம்பு முதலில் போய்விட்டது, மனம் பிறகுதான் ஓடிப்போய் ஏறிக்கொண்டது. ஆறு துடுப்பும் ஒன்றாய் விழுந்தன, தோணி மூக்கைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது. வதனி வாய்க்குள் எண்ணினாள். பதினாலு ஆனதும் அடிவயிற்றிலிருந்து "மாத்து!" என்றாள், ஐந்து பேரும் துடுப்பை மறுபக்கம் தூக்கிப் போட்டார்கள். மரிசெல் சொல்லித்தந்தது வேறு ஏதோ ஒரு சொல், அது இவர்கள் வாயில் விக்கல் எடுத்தது போல வந்ததால் மாத்து ஆகிவிட்டது. அந்த ஒரு சொல்தான் தோணியில் வதனியின் சொத்து. அவள் கூப்பிடாமல் ஒருவரும் பக்கம் மாற முடியாது, நினைத்தபடி ஆள் ஆள் மாறினால் பாரம் ஒரு பக்கம் போய் மாமி கிளம்பிவிடும். முதலாம், மூன்றாம், ஐந்தாம் ஆட்கள் ஒரே பக்கம், மற்றவர்கள் எதிர்ப்பக்கம். ஆகவே சுகிர்தாவின் துடுப்பு விழுகிற பக்கத்தில்தான் வதனியின் துடுப்பும் விழும், அவள் கிழித்துவிட்ட தண்ணீரில் இவள் போட வேண்டும். இடப்பக்கம் பதினாலு. வலப்பக்கம் பன்னிரண்டு. அது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. சுகிர்தாவுக்கு வலத்தோள் சரியில்லை, பெட்டி அடுக்குகிற வேலையில் பழுதாய்ப் போன தோள், ஊசி போட்டுக்கொண்டுதான் வருகிறாள். மரிசெல்லுக்குத் தெரிந்தால் கரையில் இருத்திவிடுவாள் என்று ஒருநாள் உடுப்பு மாற்றுகிற கொட்டிலுக்குள் வைத்து வதனியின் கையைப் பிடித்தாள், வலத்தாலை கொஞ்சம் வெள்ளனக் கூப்பிடுவியா, உன்னை விட்டால் ஆரிட்டைக் கேப்பன் என்றாள். வதனி கூப்பிட்டாள். கோடை முழுக்க இரண்டு இரண்டாகக் குறைத்துக் கொடுத்தாள். அதிலும் ஒரு ருசி இருந்தது என்பதை மறைப்பானேன். முன்னால் இருந்து மினுங்குகிறவளின் தாளம் பின்னால் இருக்கிறவளின் இரக்கத்தில் ஓடுகிறது என்று வதனி ஒருத்திக்குத் தெரியும், அது போதுமாக இருந்தது. இன்று காலை வரை.

தூரத்து மிதவையைச் சுற்றித் திரும்பியபோது இவர்கள் இரண்டாவது. பிலிப்பினோத் தோணி ஒரு ஆள் நீளம் முன்னால். இனிக் கரைப்பக்கம், இனிக் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் அந்த மரப்பாலத்தை ஒட்டி ஓடி முடிக்க வேண்டும், பாலத்தின் நுனியில் மஞ்சள் சட்டை ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது, நிருஜா. அந்த மஞ்சள் சட்டையை வாங்கிக் கொடுத்தது யார், பிறந்தநாளுக்கு, அன்ரி. வலப்பக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து, பதினொன்று. நிருஜாவின் சத்தம் தண்ணீர் மேல் உருண்டு வந்தது, கமோன் அன்ரி, கமோன் அன்ரி. பன்னிரண்டு. வதனியின் வாய் திறந்தது, சொல் வந்து பல்லில் நின்றது. நின்றதை அவள் விடவில்லை. பதிமூன்று. இப்போது கூப்பிட்டாலும் குடி முழுகிப்போகாது. பதினாலு, எல்லாருக்கும் உள்ள நியாயமான கணக்கு இதுதானே, சலுகை கொடுக்காததற்குப் பெயர் அநியாயமா. பதினைந்து. கமோன் அன்ரி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ரை பிள்ளை, நான் என்ன பேயா, பூதமா, அழுவேன், அழுதால் என்ன, அழுகிறதற்காவது என்னிடம் சொல்லக் கூடாதா. வதனியின் தோளும் எரிந்தது, அதே பக்கம்தானே அவளும், எரியட்டும், எனக்கு எரிகிறது என்றால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தபோது மனதில் எங்கோ இனித்தது, அப்படி இனித்ததுதான் பிறகு வெகுநாள் அவளைப் பயப்படுத்தியது. கமலியின் தோளுக்கு அப்பால் அந்த வலத்தோள் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு துளி இறங்கியது. பிடரி மயிர் நனைந்து ஒட்டியிருந்தது. தலை திரும்பவில்லை. தாளம் விழவில்லை. திரும்பிப் பாரடி, ஏன் கூப்பிடவில்லை என்று கேளடி, ஒருக்கால் கேள், கூப்பிடுகிறேன். வெறும் வீடு. கணவன் தயாபரன் நல்ல மனிதர்தான், ஆனால் தொலைக்காட்சிச் செய்தியோடு மட்டும் சண்டை பிடிக்கிறவர், அவரோடு அந்த வீட்டில், நிருஜாவின் அறைக்கதவு சாத்தியபடி, குளிர்காலம் முழுக்க. எண்ணிக்கை எங்கே போயிற்று என்று தெரியவில்லை, எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தாள். துடுப்புகள் மட்டும் அதே பக்கத்தில் விழுந்துகொண்டே இருந்தன.

"அம்மா, மாத்து! மாத்தம்மா!" பாலத்திலிருந்து நிருஜா கத்தினாள். பயிற்சிக்கெல்லாம் வந்து கரையில் நின்று பார்த்த பிள்ளை, அவளுக்கும் கணக்குத் தெரியும். அந்த மாத்து தாயின் குரல் போலவே இருந்தது, இருக்காமல் எப்படி. நாலாம் ஆளும் ஐந்தாம் ஆளும் அதைக் கேட்டுத் துடுப்பை மாற்றிவிட்டார்கள். முன்னால் சுகிர்தா மாற்றவில்லை. அவள் காது வேறு எந்த மாத்துக்கும் திறக்காத காது. பாரம் தாறுமாறாகப் போயிற்று, இடப்பக்கம் மாமி தண்ணீரை விட்டு மெல்லக் கிளம்பியது, அதன் அடியிலிருந்து நீர் சொட்டுவதை வதனி கண்டாள். ரெஜினா அக்கா பின்னாலிருந்து "மாமி, மாமி" என்று அலறினாள். சுகிர்தா நீந்தமாட்டாள். இடுப்பில் மிதவை அங்கி இருக்கிறது, மூழ்கமாட்டாள், ஆனால் அந்தக் கையோடு கவிழ்ந்த தோணியை எப்படிப் பிடிப்பாள். இதெல்லாம் நினைக்க நேரம் இருக்கவில்லை, நினைத்ததாகப் பிறகு சேர்த்துக்கொண்டதுதான். வதனி முழு உடம்பையும் கட்டைப் பக்கம் எறிந்து, தொண்டை கிழிய "மாத்து" என்றாள். அந்த நொடியே முன்னால் துடுப்பு பக்கம் மாறியது, அவளுக்காகவே காத்திருந்த மாதிரி. மாமி தொப்பென்று விழுந்தது. அப்படியும் இரண்டாவதாக வந்தார்கள், இறுதி ஓட்டத்துக்கு அது போதும்.

கரையில் மற்றவர்கள் தோணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, சுகிர்தா முழங்கால் தண்ணீரில் நின்றாள். வலக்கை தொங்கியது. அங்கியின் கொளுவியைக் கழற்ற இடக்கையால் தடவினாள், முடியவில்லை. வதனி போய்க் கழற்றிவிட்டாள். இரண்டு பேர் முகமும் இவ்வளவு கிட்ட வந்து நாளாயிற்று. சுகிர்தாவிடம் இடியப்ப வாசம் இன்னும் இருந்தது.

"நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தனான்," என்றாள் சுகிர்தா, மெல்ல.

வதனி கொளுவியையே பார்த்தாள். "பிறகேன் மாத்தேல்லை?"

"நீ கூப்பிடேல்லையே."

வதனி அங்கியை உருவி எடுத்தாள். பிறகு சுகிர்தா, காரில் வெளியே பார்த்துக்கொண்டு வந்த அதே முகத்தோடு, சொன்னாள். "காலமை நீ ஓம் எண்ட உடனை எனக்கு விளங்கீற்றுது, பிள்ளை உன்னட்டை இன்னும் சொல்லேல்லை எண்டு. சொல்லியிருப்பாள் எண்டு நினைச்சு வாயை விட்டிட்டன். உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு கேக்கத்தான் அவள் என்னட்டை வந்தவள், வதனி. வேறை ஒண்டுக்கும் இல்லை." மூச்சை இழுத்தாள், தோள் நொந்திருக்க வேண்டும். "நீ என்னைக் கொஞ்சம் இழுக்க விட்டால் உனக்குக் கோபம் தீரும் எண்டு பாத்தன். தீந்துதா?"

தீரவில்லை. கையிலிருந்த அங்கியின் கொளுவியை வதனி திரும்பப் பூட்டினாள். அதற்குள் மஞ்சள் சட்டை பாலத்திலிருந்து இறங்கி ஓடிவந்தது. அன்ரி கையிலை என்ன, ஏன் தொங்குது என்று நிருஜா பதறினாள், பிறகு தாயின் பக்கம் திரும்பி, ஏனம்மா கூப்பிடேல்லை என்றாள். சுகிர்தா முந்திக்கொண்டாள். அம்மா கூப்பிட்டவதான் பிள்ளை, காத்திலை எனக்குத்தான் கேக்கேல்லை என்றாள், எவ்வளவு லேசாகச் சொன்னாள். பொய்யும் இவளுக்கு அழகாக வருகிறது. வதனிக்கு அங்கேயே தண்ணீருக்குள் இருந்துவிடலாம் போல இருந்தது. வெட்கம் ஒரு பக்கம், ஆனால் வெட்கத்துக்கு அடியில், சீ என்று சொன்னாலும் போகாமல், அதே பழைய எரிவு. பொறுத்துப் போகிறதிலும் இவளே முன்னிருக்கை. என்னை விட்டால் யாரிடம் கேட்பேன் என்றவள் நோவையும் தனியாக வாங்கிக்கொண்டு எனக்குக் கடன் வைத்துவிட்டாள்.

மரிசெல் வந்து சுகிர்தாவின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கரையில் இரு என்றாள். வதனியைப் பார்த்து, நீ முன்னுக்குப் போ என்றாள். மாற்று ஆளாக வந்த ஒரு பெண் இரண்டாவதில் ஏறினாள், கமலி மூன்றாவதுக்குப் போனாள், இனிக் கூப்பிடுவது அவள். கோடை முழுக்க வதனி கேட்டது இதைத்தான், வாய் விட்டுக் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு இழுப்பிலும் கேட்டது. நிருஜா பனிக்கட்டிப் பையை வாங்கிவந்து, ஒரு துவாயை விரித்து, சுகிர்தாவைப் பக்கத்தில் இருத்தி, அந்தத் தோளில் வைத்துப் பிடித்தாள். தோணி தள்ளுகிறபோது தலையை நிமிர்த்தி, "அம்மா, வந்தாப்போலை உங்களோடை ஒரு விசயம் கதைக்கோணும்" என்றாள்.

"ஓம்," என்றாள் வதனி.

முன்னிருக்கையில் முதுகு இல்லை. அவளுக்கு முன்னால் தோணியின் மூக்கு, அதற்கப்பால் தண்ணீர், வெயிலில் கண் கூசுகிற வெறும் தண்ணீர். இப்படித்தானா இருந்தது, இரண்டு கோடை இதையா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தாள். அவர்கள் இரண்டு பேரும் பின்னால் கரையில் ஒரே துவாயில் இருப்பார்கள், தலையோடு தலை வைத்து ஏதாவது கதைப்பார்கள், எப்படிச் சொல்வது என்றுதான் கதைப்பார்களாக்கும். பார்க்க முடியாது. முன்னால் இருக்கிறவள் திரும்பினால் தாளம் விழும். கொம்பு ஊதியது. வலப்பக்கம் தொடங்கினார்கள். துடுப்பைப் போட்டு இழுத்தாள், பின்னால் ஐந்து பேரும் அவளைப் பார்த்துப் போட்டார்கள், கரையிலிருந்து கமோன் என்று ஒரு சத்தம் வந்தது, அடுத்த சொல் அம்மாவா அன்ரியா என்று பிடிபடவில்லை. பதினாலு ஆயிற்று. கமலி கூப்பிடவில்லை, புதிது, எண்ணிக்கை தவறியிருக்கும். பதினைந்து, பதினாறு. தோள் எரியத் தொடங்கியது. வதனி பக்கம் மாற்றாமல் இழுத்துக்கொண்டே, பின்னால் காதை வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள்.